எண்ணிப் பார்த்த பறவைகள்

(இருக்கன்குடியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இருக்கன்குடிக்குப் பேச வருகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. எங்கிருந்து தொடங்குவது என்று தலையைச் சொறிய வேண்டியதில்லை. ஆத்தாளிடமிருந்து தொடங்கிவிடலாம். சாணம் பொறுக்க வந்த பெண் கூடையை இறக்கி வைத்தாள், திரும்பத் தூக்க முடியவில்லை, அந்த இடத்தில்தான் மாரியம்மன் இருந்தாள் என்கிற கதை உங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கே தெரியும். ஒரு பக்கம் அர்ச்சுனா நதி, மறுபக்கம் வைப்பாறு. இரண்டு கங்கை சூழ்ந்த குடி என்பதால் இருக்கன்குடி என்று பெரியவர்கள் பெயருக்கு விளக்கம் சொல்வார்கள். ஆடி கடைசி வெள்ளிக்கு எத்தனை ஊர்ச் சனம் நடந்து வருகிறது! அவர்களில் பலர் கண்ணோவு தீர வேண்டும் என்று வருகிறவர்கள். வெள்ளித் தகட்டில் இரண்டு கண் செய்து ஆத்தாளுக்குச் சாத்துகிறார்கள். கண்மலர் என்று எவ்வளவு அழகான பெயர்!

இன்று காலை நானும் சந்நிதியில் நின்றேன். என் கண்ணில் புரை எடுத்து மூன்று வருடம் ஆகிறது, பார்வைக்குக் குறையில்லை. ஆனாலும் கண்ணைப் பற்றித்தான் வேண்டிக்கொண்டேன். பார்த்ததைப் பார்த்தபடி சொல்லும் கண்ணைக் கொடு தாயே, பார்க்க விரும்பியதைப் பார்த்துவிட்டு வந்து மேடையில் முழங்கும் கண் வேண்டாம் என்று கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்பதுதான் இன்றைய பேச்சு.

தமிழில் ‘எண்ணுதல்’ என்று ஒரு சொல் இருக்கிறது. சம்பளக் காசை எண்ணுகிறோம். வெளியூர் போன மகனை எண்ணுகிறோம். கணக்குப் போடுவதற்கும் நினைத்துப் பார்ப்பதற்கும் நம் முன்னோர் ஒரே சொல்லை வைத்துவிட்டுப் போனார்கள். பறவைகளைப் பற்றி இன்று நடக்கும் ஆராய்ச்சியின் சாரத்தை என்னிடம் ஒரே சொல்லில் கேட்டால், இந்தச் சொல்லைத்தான் சொல்வேன். எண்ணுவது. எத்தனை இருந்தது? இப்போது எத்தனை இருக்கிறது? ஏன் குறைந்தது? இந்த மூன்று கேள்விக்காக வாழ்நாளைச் செலவழித்தவர்கள் இருக்கிறார்கள்.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். பல வருடங்களுக்கு முன்னால் இந்த வட்டாரத்துப் பள்ளி ஒன்றில், மார்ச் 20, சிட்டுக்குருவி தினம் என்று என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். “செல்போன் கோபுரம் வந்தது, சிட்டுக்குருவி செத்தது” என்று நான் கையை உயர்த்திச் சொன்னேன். என்ன கைத்தட்டல்! பிள்ளைகள் இரண்டு பேர் அழுதேவிட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மேடையை விட்டு இறங்கியபோது அந்தப் பள்ளியின் வாட்ச்மேன், வயதான மனிதர், மெதுவாகச் சொன்னார்: “சார், நம்ம பள்ளிக்கூடத்து ஓட்டுக்குள்ளயே நாலு சோடி இருக்கு. டவரும் எதுத்தாப்புலதான் நிக்கி.”

நான் திரும்பிப் பார்த்தேன். இருந்தது. ஓட்டு விளிம்பிலிருந்து வைக்கோல் நூல் தொங்கிக்கொண்டிருந்தது. நூறு கெஜத்தில் கோபுரம் நின்றது. அரை மணி நேரம் பேசிய நான் அதை ஒருமுறை அண்ணாந்து பார்த்திருக்கவில்லை.

பிறகு, 2018இல் இதே கதையை வைத்து ‘2.0’ என்று பெரிய படமே வந்துவிட்டது. படத்துக்குப் படம் என்கிற நியாயம் போதும். ஆனால் 2020ஆம் ஆண்டு ‘இந்தியப் பறவைகளின் நிலை’ என்று ஓர் அறிக்கை வெளியானது. நாடு முழுக்கப் பறவை பார்ப்பவர்கள் குறித்துவைத்த பட்டியல்களை ஒன்றாகக் கோத்து ஆராய்ந்த அறிக்கை. சிட்டுக்குருவியைப் பற்றி அது என்ன சொன்னது தெரியுமா? நாடு முழுமைக்கும் பார்த்தால் கடந்த கால் நூற்றாண்டில் அதன் எண்ணிக்கை ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது. குறைந்திருப்பது சென்னை, பெங்களூர், ஐதராபாத், மும்பை, டெல்லி, கொல்கத்தா ஆகிய ஆறு பெருநகரங்களில். கோபுரத்தின் அலைதான் குருவியைக் கொல்கிறது என்பதற்கு வலுவான சான்று கிடைக்கவில்லை. கூடு கட்டச் சந்துபொந்து இல்லாத கட்டடம், குஞ்சுக்கு ஊட்டப் பூச்சி இல்லாத தெரு, இவைதான் ஆராய வேண்டிய காரணங்கள். நகரத்தில் இருந்துகொண்டு எழுதுகிறவன் தன் ஜன்னலில் குருவி இல்லை என்றதும் நாட்டிலேயே இல்லை என்று எழுதிவிட்டான். கிராமத்தில் இருந்த நானும் அதைப் படித்துவிட்டு, என் தலைக்கு மேலே கத்திக்கொண்டிருந்த குருவியைப் பார்க்காமல் அழுதிருக்கிறேன்.

அப்படியானால் பறவைகளுக்கு ஆபத்தே இல்லையா? எல்லாம் கட்டுக்கதையா? இல்லை, இல்லவே இல்லை. நாம் அழுத இடத்தில் ஆபத்து குறைவாக இருந்தது. நாம் திரும்பியே பார்க்காத இடத்தில் பிணம் குவிந்துகொண்டிருந்தது. அந்தக் கதைக்கு இப்போது வருகிறேன்.

பாறு. பிணந்தின்னிக் கழுகு என்று நாம் முகத்தைச் சுளித்துக்கொண்டு சொல்லும் பறவை. சீதைக்காகச் சிறகிழந்த சடாயுவின் இனம். வைத்தீசுவரன் கோயிலுக்குப் புள்ளிருக்குவேளூர் என்று பெயர் வந்ததே அந்தப் புள்ளால்தான். திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளையில் இரண்டு பறவைகள் வந்து குருக்கள் கையால் சோறு வாங்கித் தின்றுவிட்டுப் போகும். இங்கே இருக்கும் தாத்தாக்களில் சிலர் நேரிலேயே பார்த்திருப்பீர்கள். அவை மஞ்சள்முகப் பாறுகள். இப்போது வருவதில்லை. ஊரில் பாவம் மிகுந்துவிட்டது, அதனால் வரவில்லை என்று சொல்கிறார்கள். பாவம் என்பது ஒரு வகையில் சரிதான். ஆனால் அந்தப் பாவத்துக்கு ஒரு வேதியியல் பெயர் இருந்தது. அதைக் கண்டுபிடிக்கத்தான் பல வருடம் பிடித்தது.

1980களில் ராஜஸ்தானின் பரத்பூரில், கேவலாதேவ் பூங்காவில், விபு பிரகாஷ் என்கிற ஆராய்ச்சியாளர் பாறுகளை எண்ணிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் பாறுகளை எண்ணுவது என்றால் ஊரே சிரிக்கும். செத்த மாடு கிடந்தால் நூற்றுக்கணக்கில் இறங்கும் பறவை அது, காக்காயை எண்ணுவது மாதிரி. அவர் எண்ணினார், எழுதிவைத்தார். பத்து வருடம் கழித்து அதே இடத்தில் மறுபடி எண்ணினார். மரங்களில் பாறுகள் கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தன. கூட்டுக்கு அடியில் செத்துக் கிடந்தன. பழைய நோட்டு இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்? “முன்னெல்லாம் நிறைய இருந்துச்சு” என்று யாராவது ஒரு பெரியவர் சொல்லியிருப்பார். “பழைய ஆட்கள் எல்லாவற்றையும் கூட்டித்தான் சொல்வார்கள்” என்று அதிகாரி ஒருவர் சிரித்துவிட்டுப் போயிருப்பார். நோட்டு இருந்ததால் யாராலும் சிரிக்க முடியவில்லை.

எவ்வளவு குறைந்தது? 1992க்கும் 2007க்கும் நடுவில் வெண்முதுகுப் பாறுகள் 99.9 விழுக்காடு குறைந்தன. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது என்று சொன்னால் நம் காதில் ஏறாது. ஆயிரம் பேர் இருந்த ஊரில் ஒருவர் மிச்சம். இந்த மண்டபத்தில் இருக்கும் அத்தனை பேரும் போய், மைக் செட்டுக்காரர் மட்டும் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி.

என்ன காரணம்? பூச்சிமருந்து என்றார்கள், தேடினார்கள், கிடைக்கவில்லை. ஏதோ வைரஸ் என்றார்கள், பல வருடம் அதன் பின்னால் ஓடினார்கள், கிடைக்கவில்லை. பாகிஸ்தானில் வேலை செய்துகொண்டிருந்த லிண்ட்சே ஓக்ஸ் என்கிற கால்நடை மருத்துவ அறிஞரும் அவரது குழுவினரும் செத்த பாறுகளை அறுத்துப் பார்த்தபோது, உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளை படிந்திருந்தது. யூரிக் அமிலம். சிறுநீரகம் செயலிழந்து செத்திருக்கின்றன. எது சிறுநீரகத்தைக் கெடுத்தது? அவர்கள் எளிமையான ஒரு கேள்வி கேட்டார்கள்: இந்தப் பறவைகள் தின்பது மாட்டை, அந்த மாட்டுக்கு மனிதர்கள் என்ன கொடுக்கிறார்கள்?

டைக்ளோஃபெனாக். மூட்டுவலிக்கு நாம் போட்டுக்கொள்ளும் அதே மருந்து. மாட்டுக்கு வீக்கம், காய்ச்சல், மடிநோவு என்றால் மலிவாகக் கிடைத்த ஊசி. அன்போடுதான் போட்டார்கள். உழைத்த மாட்டுக்கு வலி தெரியக்கூடாது என்று போட்ட ஊசி. மாடு பிழைக்கவில்லை, செத்தது, தோட்டத்தில் போட்டார்கள், பாறு இறங்கியது. ஓக்ஸ் குழுவின் கட்டுரை 2004ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் வந்தது. நூறு மாட்டுப் பிணத்தில் ஒன்றில்கூட முழுசாக இந்த மருந்து இருக்க வேண்டியதில்லை, அதற்கும் குறைவான விகிதமே இத்தனை பெரிய அழிவுக்குப் போதும் என்று வேறு ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஏனென்றால் ஒரு பிணத்தில் ஒரு பாறு இறங்குவதில்லை, கூட்டமே இறங்குகிறது. பந்தியில் ஒரே ஒரு அண்டாவில் விஷம் இருந்தால் போதாதா?

2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். கெடுதல் செய்யாத மெலாக்ஸிகாம் என்கிற மாற்று மருந்தும் கிடைத்தது. ஆனால் நம் ஆட்கள் சாமர்த்தியசாலிகள் அல்லவா? மனிதர்களுக்கு என்று விற்ற பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். அதனால் 2015இல் பெரிய குப்பியையும் தடை செய்ய வேண்டி வந்தது. 2023இல் கீட்டோபுரோஃபென், அசிக்குளோஃபெனாக் என்று இன்னும் இரண்டு மருந்துகளைக் கால்நடைக்குத் தடுத்தார்கள். இன்று தமிழ்நாட்டில் பாறுகளைப் பார்க்க வேண்டும் என்றால் முதுமலை, சத்தியமங்கலம் பக்கம் மாயாற்றுப் பள்ளத்தாக்குக்குத்தான் போக வேண்டும். கரிசல் காட்டில் வண்டி மாடு செத்தால் பாறு இறங்கிய காலத்தைப் பேரப்பிள்ளைக்குக் கதையாகத்தான் சொல்லலாம்.

பாறு போனால் நமக்கு என்ன? பிணம் தின்ன ஒரு பறவை இல்லை, அவ்வளவுதானே? அவ்வளவு இல்லை. பாறு தின்ன வேண்டியதை நாய் தின்றது. நாய் பெருகியது. வெறிநாய்க்கடி பெருகியது. அழுகியது நீரில் கலந்தது. எயால் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்று இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள், முன்பு பாறுகள் அதிகம் இருந்த மாவட்டங்களையும் குறைவாக இருந்த மாவட்டங்களையும் ஒப்பிட்டார்கள். 2000 முதல் 2005 வரை மட்டும் ஏறத்தாழ ஐந்து லட்சம் மனித உயிர்கள் கூடுதலாகப் போயிருக்கின்றன என்பது அவர்கள் மதிப்பீடு. 2024இல் வெளியான ஆய்வு. பொருளாதாரக்காரர்கள் பறவையைப் பற்றி எழுதினால் பணத்தைப் பற்றித்தான் எழுதுவார்கள் என்று நினைத்து அந்தக் கட்டுரையைக் கையில் எடுத்தேன். படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

சரி. இப்போது நீங்கள் எல்லோரும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் இடத்துக்கு வருகிறேன். பட்டாசு.

சிவகாசி, சாத்தூர், விருதுநகர் வட்டாரத்தில் மைக்கைப் பிடித்துப் பறவையைப் பற்றிப் பேசிவிட்டுப் பட்டாசைப் பற்றிப் பேசாமல் போனால் நான் கோழை. பேசினால், “எங்க சோத்துல மண்ணள்ளிப் போட வந்தியா?” என்று நீங்கள் கேட்கலாம். வானம் பார்த்த பூமியில் மழை பொய்த்த வருடங்களில் இந்தத் தொழில் எத்தனை அடுப்பை எரிய வைத்தது என்பது எனக்குத் தெரியும். எத்தனை வீட்டில் அழுகையை வைத்தது என்பதும் தெரியும். ஆகவே அறிந்ததை அறிந்தபடி சொல்கிறேன், கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.

நெதர்லாந்து நாட்டில் புத்தாண்டு இரவு பன்னிரண்டு மணிக்கு ஊரே சேர்ந்து வெடி வெடிக்கும். அங்கே மழை மேகத்தைப் பார்க்க வைத்திருக்கும் ரேடாரில் பறவைக் கூட்டமும் தெரியும். ஆராய்ச்சியாளர்கள் அதை எடுத்துப் பார்த்தார்கள். நள்ளிரவு அடித்த சில நிமிடத்தில் ஏரிக்கரையில் உறங்கிக்கொண்டிருந்த பறவைகள் ஆயிரக்கணக்கில் எழும்பியிருக்கின்றன. 500 மீட்டர் உயரம்வரை போயிருக்கின்றன. முக்கால் மணி நேரம் இருட்டில் சுற்றியிருக்கின்றன. ஒரு வருடம் தற்செயலாக நடந்ததா? அடுத்த வருடமும் அப்படியே. அதற்கடுத்த வருடமும் அப்படியே. 2011இல் இது வெளியானது. பிறகு 2023இல் வந்த ஆய்வு, வெடிக்கும் இடத்தருகே சாதாரண இரவைவிடச் சராசரியாக ஆயிரம் மடங்கு பறவைகள் வானத்தில் இருந்தன என்று சொன்னது. பத்து கிலோமீட்டர் தள்ளியும் பாதிப்புத் தெரிந்தது. இன்னொரு குழு, துருவப் பகுதியிலிருந்து குளிர்காலத்துக்கு வரும் காட்டு வாத்துகளுக்கு இடங்காட்டும் கருவியைப் பொருத்தியிருந்தது. அந்த ஓர் இரவில் அவை வழக்கத்தைவிட உயரமாகவும் தூரமாகவும் பறந்தன, பழைய உறங்குமிடத்துக்குப் பல திரும்பவே இல்லை, அடுத்தடுத்த நாட்களில் இழந்த தெம்பை ஈடுகட்ட அதிக நேரம் மேய்ந்தன.

இதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது நம் பக்கத்து சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுகுடிப்பட்டி. வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் அங்கேதான் இருக்கிறது. நத்தை குத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் கண்மாய் மரங்களில் கூடு கட்டும். அந்த ஊர்க்காரர்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. கல்யாணத்துக்கும் போடுவதில்லை, திருவிழாவுக்கும் போடுவதில்லை. வனத்துறை வந்து இனிப்புக் கொடுத்துவிட்டுப் போகிறது. திருநெல்வேலிச் சீமையில் கூந்தன்குளத்திலும் இதே கட்டுப்பாடு. இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துக்கும், கூழைக்கடாவுக்கும், செங்கால் நாரைக்கும் அந்த ஊர் இடம் கொடுத்திருக்கிறது. நெதர்லாந்தின் ரேடார் சொன்னதை ரேடார் இல்லாமலே இவர்கள் அறிந்திருந்தார்கள். எப்படி? தீபாவளி வருவது வடகிழக்குப் பருவமழை தொடங்கும் வேளையில். கண்மாயில் தண்ணீர் ஏற, பறவைகள் வந்து இறங்கும் வேளை அது. அப்போது ஒரு சரவெடி வைத்தால் மறுநாள் மரம் எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள்.

அப்படியானால் பட்டாசே கூடாதா? நான் அப்படிச் சொல்லவில்லை. வருடத்துக்கு ஓர் இரவு ஊருக்குள் வெடிக்கும் வெடி வேறு, பறவை உறங்கும் கண்மாய்க் கரையில் வெடிக்கும் வெடி வேறு. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் சத்தம் கூடாது என்கிற விதி மனிதக் காதை வைத்துப் போடப்பட்டது. நாரைக்கு எவ்வளவு என்று யாராவது கேட்டோமா? 2018இல் உச்ச நீதிமன்றம் நேரத்தைக் கட்டுப்படுத்தியது. தமிழ்நாட்டில் காலையில் ஒரு மணி, இரவில் ஒரு மணி என்று வைத்திருக்கிறோம். நேரத்தோடு இடத்தையும் பார்க்கலாமே என்பதுதான் என் வேண்டுகோள். வெடியைச் செய்கிற ஊர்தான், எங்கே வெடிக்கலாம், எங்கே கூடாது என்று நாட்டுக்குச் சொல்லித்தர முழு உரிமை உள்ள ஊர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அநியாயம். சாத்தூரிலிருந்து வரும்போது பட்டாசு ஆலை ஒன்றின் வேலி ஓரமாக வண்டியை நிறுத்தினேன். அறைக்கும் அறைக்கும் நடுவே இடைவெளி விட வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. அதனால் உள்ளே நிறைய வெறும் நிலம். வேம்பு நின்றது. இடிதாங்கிக் கம்பியின் உச்சியில் ஒரு ரெட்டைவால் குருவி உட்கார்ந்துகொண்டு பூச்சி பிடித்துக்கொண்டிருந்தது. ஆள்காட்டி ஒன்று என்னைப் பார்த்துக் கத்தித் தீர்த்தது. பட்டாசு ஆலை என்றால் பறவைக்கு நரகம் என்று எழுதிக்கொண்டு வந்திருந்தால், அந்தக் காகிதத்தை அங்கேயே கிழித்துப் போட வேண்டியிருந்திருக்கும்.

சரி, இந்தக் கரிசலில் உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறது? 2023இல் ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை புதிதாக வந்தது. முப்பதாயிரம் பேர் பார்த்துச் சொன்ன மூன்று கோடிக் குறிப்புகள், 942 வகைப் பறவைகள். நீண்டகாலப் போக்கைச் சொல்லப் போதுமான தகவல் 338 வகைகளுக்கு இருந்தது. அவற்றில் 204 குறைந்திருக்கின்றன. ஐந்தில் மூன்று! எவை அதிகம் குறைந்தன? காட்டுப் பறவை என்று நினைப்பீர்கள். காட்டைவிட, திறந்தவெளிப் பறவைகள்தாம் அதிகம் அடிவாங்கியிருக்கின்றன. புல்வெளி, புதர்க்காடு, தரிசு, மேய்ச்சல் புறம்போக்கு, இங்கே வாழ்கிற பறவைகள். நம் மண்ணின் பறவைகள்.

தந்திக் கம்பியில் உட்கார்ந்து, சிறகை விரித்தால் நீலம் தெறிக்குமே, பனங்காடை, அதன் நிலையை உலக அளவில் மறுபடி பரிசீலிக்க வேண்டும் என்று அந்த அறிக்கை கேட்கிறது. மார்கழியில் உளுந்துக் காட்டின் மேலே தாழ்வாக, ஏதோ தொலைத்ததைத் தேடுகிற மாதிரி பறக்கும் பூனைப்பருந்து, கசகஸ்தான் புல்வெளியிலிருந்து வருகிறது. எதற்கு? நம் காட்டு வெட்டுக்கிளியைத் தின்ன. கூலி கேட்காத வேலைக்காரன். அது இரவில் தரையில், புல்லுக்குள் படுத்து உறங்கும். புல் எங்கே? பாதி இடத்தைச் சீமைக் கருவேலம் மூடிவிட்டது. மீதியில், வருவாய்த்துறைப் பதிவேட்டில் ‘தரிசு’ என்று எழுதியிருப்பதால், எதை வேண்டுமானாலும் கொண்டுவந்து வைக்கலாம் என்று ஆகிவிட்டது. கமுதிப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள், கண்ணுக்கெட்டிய தூரம் சூரியத் தகடு. மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லப் போவதில்லை, இந்த மைக்கே அதில்தான் ஓடுகிறது. ‘தரிசு’ என்கிற அந்த ஒரு சொல்லின் மேல்தான் எனக்குக் கோபம். பூனைப்பருந்தைக் கேட்காமல் எழுதிய சொல் அது.

குறைந்ததை மட்டும் சொன்னால் போதுமா? கூடியதும் இருக்கிறது. மயில்! அதோ, பின்வரிசையில் சம்சாரி அண்ணாச்சி ஒருவர் சிரிக்கிறார். மக்காச்சோளத்தையும் மிளகாயையும் நிலக்கடலையையும் மயில் என்ன பாடு படுத்துகிறது என்று அவரைக் கேட்டால் இன்னொரு சொற்பொழிவு நடக்கும். அழிந்து வருகிறது என்று நாம் பயந்த தேசியப் பறவை, நாடெங்கும் வேகமாகப் பெருகிய பறவைகளில் ஒன்று என்று அறிக்கை சொல்கிறது. அண்ணாச்சி சொன்னதும் அறிக்கை சொன்னதும் ஒன்றுதான். நரி போனதால் மயில் கூடியதா, மழை குறைந்து நிலம் வறண்டதால் புது ஊர்களுக்குப் போனதா என்பதெல்லாம் நிதானமாக ஆராய வேண்டியவை. விஷம் வைப்பது பதிலாகாது, சட்டப்படியும் குற்றம். ஆனால், “மயில் அழகு, பொறுத்துப் போங்கள்” என்று நகரத்தில் உட்கார்ந்து சொல்வதும் பதிலாகாது. விளைச்சல் போனவனுக்கு இழப்பீடு முறையாக, நேரத்தில் வர வேண்டும்.

மயில் கதையில் எனக்குப் பிடித்த ஒரு செய்தி உண்டு. 1933இல் பறவை அறிஞர் சாலிம் அலி, திருவாங்கூர், கொச்சி சமஸ்தானங்களில் பறவைகளைக் கணக்கெடுத்தார். ஊர் ஊராகப் போனார். அந்தப் பயணத்தில் அவர் பட்டியலில் மயில் இல்லை. இன்று கேரளத்தில் எங்கே பார்த்தாலும் மயில். அன்று அவர் பார்த்ததையும் பார்க்காததையும் சேர்த்து ஒழுங்காக எழுதிவைத்ததால்தான், இது புது வரவு என்று இன்று சொல்ல முடிகிறது.

இந்த எண்ணும் வேலையை யார் செய்வது? கோடிக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாகப் பறவையின் காலில் சிறு வளையம் மாட்டி விடுகிறார்கள். அதற்குப் பயிற்சி வேண்டும், நீங்களும் நானும் செய்யக்கூடாது. ஆனால் பார்த்து எண்ணுவதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. தாமிரபரணிப் பக்கத்துக் குளங்களில் 2011 முதல் ஒவ்வொரு சனவரியிலும் மாணவர்களும் ஊர்க்காரர்களும் நீர்ப்பறவைகளை எண்ணுகிறார்கள். 2015 முதல் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று, பார்த்த பறவை என்ன, எத்தனை என்று எழுதி இணையத்தில் ஏற்றினால் போதும். பொங்கல் பானை கொதிப்பதற்குள் முடிந்துவிடும் வேலை. நான் சொன்ன அந்த மூன்று கோடிக் குறிப்பும் இப்படிப்பட்ட பதினைந்து நிமிடங்களிலிருந்து வந்தவைதாம். சிக்கல் என்ன தெரியுமா? பறவை பார்க்கிறவர்கள் எல்லோரும் வேடந்தாங்கலுக்கு ஓடுகிறார்கள், கூந்தன்குளத்துக்கு ஓடுகிறார்கள், மலைக்கு ஓடுகிறார்கள். உளுந்துக் காட்டில் வெயிலில் நிற்க யார் வருகிறார்கள்? நீங்கள்தான் ஏற்கெனவே நிற்கிறீர்கள்.

போன முறை கணக்கெடுப்புக்குப் பையன்கள் நாலு பேரை வைப்பாற்றுக் கரைக்குக் கூட்டிப்போனேன். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் நோட்டும் பேனாவுமாக நின்றான். கொக்கு பதினொன்று, ஆள்காட்டி இரண்டு, மைனா ஆறு என்று எழுதிக்கொண்டே வந்தான். பனங்காடை எங்கேயாவது தெரிகிறதா பார் என்றேன். கம்பி கம்பியாகப் பார்த்தான், பனை பனையாகப் பார்த்தான். பதினைந்து நிமிடம் முடிந்தது. “இல்ல சார்” என்றான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டான்: “இல்லைங்கிறதயும் எழுதணுமா சார்?”

எழுது என்றேன். பட்டியலை முழுசாக எழுதினால் அதில் இல்லாததும் தானாகத் தெரிந்துவிடும் என்று விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். அவன் அதற்குள் பக்கத்தின் அடியில் பனங்காடை என்று எழுதி, எதிரே ஒரு சுழியம் போட்டு, அதைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டுவிட்டான்.

அடுத்த பொங்கலுக்கு, மாட்டுப் பொங்கலன்று காலை ஆறரை மணிக்கு, இருக்கன்குடி நீர்த்தேக்கக் கரையில் நிற்பேன். வருகிறவர்கள் ஒரு நோட்டுக் கொண்டுவாருங்கள். என்னிடம் இரண்டு தொலைநோக்கி இருக்கிறது, மாற்றி மாற்றிப் பார்க்கலாம். செருப்பு இல்லாமல் வராதீர்கள், கரை முழுக்கக் கருவேல முள்.